துவர்த்தை விலக்கிப் பார்க்கணும்

நாகர்கோவில் பக்கம் ஒரு மருத்துவமனையில் நர்ஸாகச் சேர்ந்த முதல் மழைக்காலம் அது. குழந்தைகள் வார்டில் இரவுப் பணி. நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை டி.பி.ஆர். சார்ட்டில் காய்ச்சல், நாடி, மூச்சு மூன்றையும் எழுத வேண்டும். காய்ச்சலுக்கு தெர்மாமீட்டர் இருக்கிறது. நாடியைத் தொட்டுப் பார்த்துவிடலாம். மூச்சுக்கு மட்டும் பக்கத்தில் நின்று எண்ணியே ஆக வேண்டும், அதனால் அங்கே யாரும் எண்ணுவதில்லை. பெரியவர்களுக்கெல்லாம் 20, குழந்தைகளுக்கெல்லாம் 28. சீனியர்கள் எழுதியதைப் பார்த்து நானும் அப்படியே எழுதினேன்.

அன்று இரவு குளச்சல் பக்கத்திலிருந்து எட்டு மாதக் குழந்தை ஒன்றைக் கொண்டு வந்தார்கள். சளி, காய்ச்சல் 101. பாட்டி துவர்த்தில் (துண்டுக்கு எங்கள் பக்கத்துப் பேர்) சுற்றி மடியில் வைத்திருந்தார். "மக்களே, பிள்ளைக்கு வயறு கெடந்து சாடுது, ஒண்ணு பாரு" என்றார். "காய்ச்சல் இருக்குல்லா பாட்டி, அப்படித்தான் இருக்கும்" என்று சொல்லிவிட்டு, துவர்த்தை விலக்காமலே 28 என்று எழுதினேன்.

அரை மணி நேரத்தில் டாக்டர் வந்தார். துவர்த்தை அவிழ்த்து, சட்டையைத் தூக்கிவிட்டு, கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி அசையாமல் நின்றார். 66. ஒவ்வொரு மூச்சுக்கும் விலாவுக்குக் கீழே குழி விழுந்துகொண்டிருந்தது. நிமோனியா. உடனே ஆக்சிஜன் வைத்து ஊசி மருந்தைத் தொடங்கினோம். ஆறாம் நாள் குழந்தை நல்லபடியாக வீட்டுக்குப் போனது. டாக்டர் என்னைத் திட்டவில்லை. நான் எழுதிய 28-க்குப் பக்கத்தில் 66 என்று எழுதிவிட்டுப் போனார். வயிறு துள்ளுகிறது என்று பாட்டி தன் கண்ணால் பார்த்துச் சொன்னதை, நான் பார்க்காமலே மறுத்திருக்கிறேன். அது இன்றும் எனக்கு வலிக்கிறது.

அப்புறம்தான் அந்த எண்களை ஒழுங்காகப் படித்தேன். பிறந்த குழந்தை நிமிடத்துக்கு 30 முதல் 60 தடவை மூச்சு விடும். வளர்ந்தவர்களுக்கு 12 முதல் 20 போதும். சின்ன நுரையீரலால் பெரிதாக இழுத்து விட முடியாது, உடம்புக்கோ ஆக்சிஜன் தேவை அதிகம். அதனால் குழந்தை எண்ணிக்கையைக் கூட்டித்தான் சமாளிக்கிறது. இதயமும் அப்படியே. பச்சைக் குழந்தைக்கு 100 முதல் 160 வரை துடிக்கும், நமக்கு 60 முதல் 100. "நெஞ்சு படபடன்னு அடிக்குது சிஸ்டர்" என்று பதறி வரும் தாய்மாரிடம் இதைச் சொன்னாலே பாதிப் பயம் போய்விடும்.

இருமலோடு வரும் குழந்தைக்கு உலக சுகாதார நிறுவனம் சொல்லும் எல்லைக்கோட்டை நான் மனப்பாடமாக வைத்திருக்கிறேன். இரண்டு மாதத்துக்குள் 60, ஒரு வயதுக்குள் 50, ஐந்து வயதுக்குள் 40. அந்த எண்ணிக்கையைத் தொட்டாலே வேக மூச்சுதான். அழும்போது எண்ணக் கூடாது, தூங்கும்போதோ அமைதியாக இருக்கும்போதோ எண்ண வேண்டும். வயிறு ஏறி இறங்குவதைப் பார்த்தால் போதும். கால் நிமிடம் எண்ணி நான்கால் பெருக்குவது சரிவராது. பச்சைக் குழந்தை சில நொடி மூச்சை நிறுத்திவிட்டு, பிறகு வேகமாக விடும். நிறுத்தும் நேரத்தில் எண்ணினால் ஒரு கணக்கு, வேகமாக விடும்போது எண்ணினால் வேறு கணக்கு. ஒரு நிமிடம் முழுக்க எண்ணினால்தான் உண்மை தெரியும்.

எண்ணை மட்டும் பார்த்து பயந்ததும் உண்டு. வில்லுக்குறி பக்கத்திலிருந்து கால் புண்ணுக்காக ஒரு பனையேறி வந்தார். ஐம்பது வயதுக்கு மேல், நாடி 52. பயிற்சிக்கு வந்த பிள்ளை ஓடி வந்து என்னைக் கூப்பிட்டாள். தலைசுற்றல், மயக்கம் ஏதாவது உண்டா என்று கேட்டோம். ஒன்றும் இல்லை, ஈ.சி.ஜி.யும் நன்றாக இருந்தது. நாள் தவறாமல் மரம் ஏறி உரம் பெற்ற இதயம் அது, ஒரே துடிப்பில் நிறைய ரத்தத்தைத் தள்ளிவிடும். அதே 52 ஒரு கைக்குழந்தைக்கு வந்தால் உயிர் போகிற அவசரம்.

ரத்த அழுத்தத்தில் குழந்தைகள் நம்மை ஏமாற்றிவிடுவார்கள். வயிற்றுப்போக்கில் உடம்பு வற்றினாலும் கடைசிவரை அழுத்தம் இறங்காமல் தாக்குப்பிடிக்கும். வயதை இரண்டால் பெருக்கி 70-ஐக் கூட்டினால், அழுத்தத்தின் இரண்டு எண்களில் மேலே எழுதும் எண்ணுக்குக் கீழ் எல்லை வரும், ஆறு வயதுக்கு 82. அதற்குக் கீழே போகும்வரை நாம் காத்திருந்தால் ரொம்பத் தாமதம். நாடியும் மூச்சும் அதற்கு முன்னாடியே ஏறிவிடும். இன்னொன்று, அழுத்தம் பார்க்கப் பெரியவர்களுக்குக் கட்டும் கஃபை, அதாவது காற்றுப் பட்டையை, குழந்தையின் கையில் கட்டினால் அளவு குறைத்துக் காட்டும். இதை எத்தனை தடவை சொன்னாலும் எனக்கு அலுக்காது.

காய்ச்சலைப் பற்றி எல்லாருக்கும் தெரியும், 100.4-ஐத் தொட்டால் காய்ச்சல். பச்சைக் குழந்தை 97.7-க்குக் கீழே குளிர்ந்துபோனாலும் ஆபத்து என்பதுதான் பலருக்குத் தெரிவதில்லை. நெற்றியைத் தொட்டு "சூடு இல்லை" என்று நிம்மதியாகிவிடுகிறோம்.

இப்போது டிஸ்சார்ஜ் ஆகும் ஒவ்வொரு தாய்க்கும் போனில் நேரம் வைத்து எண்ணக் கற்றுக்கொடுக்கிறேன். போன ஆடிச் சாரலில் கருங்கல் பக்கத்திலிருந்து ஒரு பெண் இரவு பத்து மணிக்குப் போன் செய்தாள். பிள்ளைக்குப் பதினான்கு மாதம்.

"சிஸ்டர், தூங்கும்போ எண்ணினேன், 54. திரும்பவும் எண்ணினேன், 52."

"நெஞ்சுக்குக் கீழ குழி விழுதா?"

"விழுது. பாலும் குடிக்கல்ல."

"காலையில பாப்போம்னு இருக்காதீங்க, இப்பவே ஆட்டோ பிடிச்சு வாங்க."

அவள் வந்து சேர்ந்ததும், துவர்த்தை விலக்கிவிட்டு நானும் எண்ணினேன். 54.