ஆட்களோடு வந்தவர்

கல்யாணத்துக்குச் சமையல்காரரை அமர்த்தினால் அவர் தனியாக வருவதில்லை. காய் நறுக்க, சாம்பாருக்கு, இனிப்புக்கு என்று பழகிய கைகளோடு வந்து இறங்குவார். கரண்டியைக்கூட நம்மிடம் கேட்கமாட்டார்.

2023 நவம்பர் இறுதியில் அமெரிக்காவின் இந்தியானா பல்கலைக்கழகக் கால்பந்து அணிக்குத் தலைமைப் பயிற்சியாளராக கர்ட் சிக்நெட்டி வந்ததும் இப்படித்தான். (நம் கால்பந்து அல்ல. முட்டை வடிவப் பந்தைக் கையில் தூக்கிக்கொண்டு ஓடுவார்களே, அது.) அந்தப் பருவத்தில் இந்தியானா 12 ஆட்டங்களில் 9 தோல்வி. உதவிப் பயிற்சியாளர்களுக்காக இவர் புதிய நட்சத்திரங்களைத் தேடி அலையவில்லை. தடுப்பாட்டத்துக்கு பிரையன்ட் ஹெயின்ஸ், தாக்குதலுக்கு மைக் ஷனஹன். இருவரும் பென்சில்வேனியாவின் சிறிய கல்லூரி அணிக் காலம் முதல் இவருடன் ஊர் ஊராகப் பெட்டி தூக்கியவர்கள். பத்து உதவியாளர் இடங்களில் முதுகெலும்பான இரண்டும் இப்படி நிரம்பின. எனக்கு இதுதான் பிடித்தது. பாதி வார்த்தையிலேயே புரிந்துகொள்ளும் ஆளைச் சம்பளம் கொடுத்து உடனே வாங்கிவிட முடியாது.

இளம் வீரர்களிடம் என்ன சொல்லி அழைக்கிறீர்கள் என்று நிருபர் கேட்டபோது, "நான் ஜெயிக்கிறவன். கூகுளில் தேடிப் பாருங்கள்" என்றார். திமிர்தான். ஆனால் 2024இல் 13 ஆட்டங்களில் 11 வெற்றி. அதற்குமுன் அந்த அணி ஒரு பருவத்தில் பத்தைத் தொட்டதே இல்லை.

சிக்நெட்டியும் ஒருகாலத்தில் இப்படிப் போனவர்தான். 2007இல் அலபாமா பல்கலைக்கழக அணிக்குத் தலைமைப் பயிற்சியாளராக வந்த நிக் சேபன் அங்கே சேர்த்த முதல் உதவியாளர் குழுவில் இருந்தார். அந்தப் பட்டியலை நேற்றிரவு படித்துக்கொண்டிருந்ததில் அடுப்பில் பால் பொங்கி வழிந்துவிட்டது.