முட்டுக் கம்பு

மே 18, காவேரிப்பட்டணம்

சட்டையின் மேல் பொத்தானை இடக்கையால் பிடிக்க முடியவில்லை. ஆயாதான் போட்டுவிட்டார்.

மே 19

இரவு முழுவதும் இங்கிலாந்தின் ரக்பி வீரர் ஜேசன் லெனார்டின் கழுத்தையே நினைத்துக்கொண்டு கிடந்தேன். 1992 மார்ச்சில் வேல்ஸ் அணிக்கு எதிரான ஆட்டத்தில் அவருடைய கழுத்தெலும்புகளுக்கு இடையிலுள்ள வட்டு சிதைந்தது. இடுப்பிலிருந்து ஓர் எலும்புத் துண்டை எடுத்துக் கழுத்தில் பொருத்தினார்கள். அக்டோபரில் கனடாவுக்கு எதிராக மறுபடியும் இங்கிலாந்தின் முன்வரிசையில் நின்றார். விரல்விட்டு எண்ணினால் ஏழு மாதங்கள். எனக்கு ஜூனில் அறுவை செய்தால் ஜனவரி.

மே 21

பெங்களூர் மருத்துவமனையிலிருந்து அழைப்பு வரவில்லை.

மே 22

கழுத்துப் பட்டையைக் கழற்றித் துடைக்கும்போது ஆயா, "இது மாட்டுக்கு நுகத்தடி பட்ட காய்ப்பு மாதிரி இருக்குதே கண்ணு" என்றார். நான் விளக்கத் தொடங்கினேன். ஸ்க்ரம் என்றால் எட்டுப் பேருக்கு எதிரே எட்டுப் பேர் குனிந்து பிணைந்து தள்ளுவது. மூன்றாம் எண் சட்டைக்காரனாகிய என் தலை எதிரணி முன்வரிசையின் மையத்தில் நிற்கும் ஹூக்கருக்கும் அவர்களுடைய முதல் எண் ஆட்டக்காரனுக்கும் நடுவே சிக்கியிருக்கும். ஒரு தோளில் மட்டுமல்ல, இரண்டு தோள்களிலும் பாரம் இறங்கும். பின்னால் நிற்கும் நம்மவர்களின் தள்ளலும் முன்னால் நிற்பவர்களின் தள்ளலும் சந்திக்கும் இடம் என் கழுத்துதான். ஆயா எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "பந்து எங்கடா இருக்கும்?" என்றார். கால்களுக்கு அடியில் என்றேன். "அப்போ நீ அதைப் பார்க்கவே மாட்டியா?" உண்மைதான், பெரும்பாலும் பார்ப்பதில்லை.

மே 24

தசைப்பிடிப்புதான் என்று சொல்லி, கை மரத்த பிறகும் என்னை இரண்டு நாள் ஸ்க்ரம் பயிற்சியில் இறக்கியவரை இன்று மனத்துக்குள் நெடுநேரம் திட்டினேன். "முடியும்" என்று இரண்டு முறையும் சொன்னவன் நான்தான் என்பது திட்டி முடித்த பிறகுதான் நினைவுக்கு வந்தது.

மே 25

பெங்களூரா மாமரத்தின் தெற்குக் கிளை காய்ப் பாரத்தில் தரையைத் தொட்டுவிட்டது. அப்பா கவைக் கம்பு ஒன்றை வெட்டி வந்து, கவையில் கோணிச்சாக்கை நான்கு மடிப்பாகச் சுற்றிக் கட்டி, கிளையை மெல்லத் தூக்கி முட்டுக் கொடுத்தார். சாக்கு இல்லாமல் வைத்தால் காற்றடிக்கும்போது பட்டை உரிந்து கிளை அங்கேயே முறியும் என்றார். நான் ஒரு கையால் கம்பின் அடியைப் பிடித்துக்கொண்டேன். அதற்கே தோளில் மின்சாரம் பாய்ந்ததுபோல் வலித்தது. லெனார்டு பிழைப்புக்குத் தச்சு வேலை செய்தவர், ரக்பியில் வெளிப்படையாகச் சம்பளம் வாங்கலாம் என்று 1995இல்தான் முடிவானது என்று அப்பாவிடம் சொன்னேன். "தச்சனா? அப்போ முட்டு வைக்கத் தெரிஞ்சிருக்கும்" என்று மட்டும் சொன்னார்.

மே 28

லெனார்டு இங்கிலாந்துக்கு ஆடியது 114 ஆட்டங்கள், ஒரே ஒரு ட்ரை, அதாவது எதிரணியின் கோட்டுக்கு அப்பால் பந்தைத் தரையில் வைத்துப் புள்ளி எடுப்பது. 1996 டிசம்பரில் அர்ஜென்டினாவுக்கு எதிராக, அவர் இங்கிலாந்துக்குத் தலைமை தாங்கிய ஆட்டத்தில். இதை யாரிடமாவது சொல்லவேண்டும் போலிருந்தது. மாங்கூழ் ஆலைக்கு ஏற்றிய வண்டியின் ஓட்டுநரிடம் சொன்னேன். பதினான்கு வருடம் ஆடி ஒன்றுதானா என்று சிரித்தார். எனக்குக் கோபம் வரவில்லை. 2003 உலகக் கோப்பை இறுதியாட்டத்தில், சிட்னியில், இங்கிலாந்தின் ஸ்க்ரம்மின்மேல் நடுவர் தண்டனைமேல் தண்டனை கொடுத்துக்கொண்டிருந்தபோது, கூடுதல் நேரத்தில் இன்னொரு முன்வரிசைக்காரரான விக்கரிக்குப் பதிலாக 35 வயதில் லெனார்டு இறங்கினார். 20க்கு 17 என்று முடிந்த அந்த ஆட்டத்தில் எல்லோருக்கும் நினைவிருப்பது வில்கின்சனின் கடைசி உதை. நான் மட்டும் அதற்கு முந்தைய ஸ்க்ரம்களைத் திரும்பத் திரும்ப ஓடவிட்டுப் பார்க்கிறேன்.

மே 29

அழைப்பு வரவில்லை.

மே 31

இங்கிலாந்தும் ஸ்காட்லாந்தும் ஆடும் கல்கத்தா கோப்பை, கல்கத்தாவில் கலைக்கப்பட்ட ஒரு கழகத்தின் வெள்ளி ரூபாய்களை உருக்கிச் செய்தது. கைப்பிடிகள் நாகப்பாம்புகள், மூடியில் யானை. லெனார்டு அதற்காகப் பலமுறை குனிந்திருக்கிறார். நம் ரூபாய்க்காக அவர் கழுத்தைக் கொடுத்திருக்கிறார் என்று எழுதினால் அது வெறும் சாமர்த்தியப் பேச்சு. ஆனாலும் எழுதிவிட்டேன்.

ஜூன் 2

எண்ணிப் பார்க்காமல் தள்ளிவந்த கணக்கு ஒன்று உண்டு. 1992 மார்ச்சில் லெனார்டுக்கு வயது 23. எனக்கு 31. கழுத்தைப் படம் எடுத்த அறிக்கை கையில் இருக்கிறது. ஒரு வட்டு அல்ல, இரண்டு என்று அதில் எழுதியிருக்கிறது. முதல் நாளிலிருந்தே இது எனக்குத் தெரியும்.

ஜூன் 4

இரவு காற்றில் மேற்குக் கிளை முறிந்துவிட்டது. முட்டு வைத்த தெற்குக் கிளை நிற்கிறது. அப்பா விழுந்த காய்களை மட்டும் பொறுக்கிக்கொண்டிருந்தார்.

ஜூன் 5

அழைத்துவிட்டார்கள். நாளை மறுநாள் காலை பத்து மணி. ஆடலாமா கூடாதா என்று தொலைபேசியிலேயே கேட்டேன். நேரில் பேசிக்கொள்ளலாம் என்றார் அந்தப் பெண்.

ஜூன் 6

விடியற்காலைப் பேருந்து. பொத்தான் இல்லாத சட்டையாக எடுத்துவைக்கும்படி ஆயாவிடம் சொல்லியிருந்தேன். அவர் பொத்தான் வைத்த நீலச் சட்டையைத்தான் மடித்து வைத்திருக்கிறார்.