நைனாவோட ரூட்டும் ரேஸ் டிரைவரோட மூளையும்

எங்க நைனா முப்பது வருஷம் லாரி ஓட்டுனவரு. ராணிப்பேட்டையில தோல் ஷாப்புல லோடு ஏத்தி மெட்ராஸ் ஹார்பர்ல எறக்கணும், அதான் ரூட்டு. லீவுல ஒரு தடவ என்னையும் கூட்டிக்கினு போனாரு, இருங்காட்டுக்கோட்டை ரேஸ் டிராக் கிட்ட போவும்போது ரோடு வரைக்கும் ஒரு சத்தம் வந்துச்சு பாருங்க, அது இன்னும் என் காதுல இருக்கு. இப்ப நான் வேலூர்ல ஈஈஜி டெக்னீஷியன், அதாவது தலையில எலெக்ட்ரோடுன்ற சின்ன உலோக வில்லைங்கள ஒட்டி மூளையோட மின் அலைய பதிவு பண்ற வேல. அதனாலயோ என்னவோ, ரேஸ் டிரைவர் மூளைய அளக்குறாங்கன்னு எங்க பாத்தாலும் விடாம படிப்பேன்.

2020ல ஒரு ஆராய்ச்சி வந்துச்சு, லண்டன் இம்பீரியல் காலேஜ்காரங்க பண்ணது. ஃபார்முலா ஈன்ற எலெக்ட்ரிக் கார் ரேஸ்ல சாம்பியனான லூகாஸ் டி கிராஸி தலையில எலெக்ட்ரோட் மாட்டி, கண்ணு எங்க போவுது, கை கால் எப்படி அசையுதுன்னு எல்லாத்தையும் சேத்து ரெக்கார்ட் பண்ணிக்கினே ஈர டிராக்ல வேகமா ஓட்ட வெச்சாங்க. மூளையோட அலைக்கும் ஸ்டீயரிங் புடிச்ச கையோட அசைவுக்கும் சம்பந்தம் இருக்குன்னு காட்டுனாங்க. ஒரே ஒரு ஆள வெச்சு பண்ணதுதான், ஆனா எனக்கு அந்த முடிவ விட, ஓடுற கார்ல ஈஈஜி எடுத்துட்டாங்களேன்னுதான் ஆச்சரியம்.

ஏன்னா எங்க ரூம்ல ஏசி போட்டு, லைட்ட கம்மி பண்ணி, படுக்க வெச்சு எடுக்குறதே பெரும்பாடு. முந்தின நாளே சொல்லி அனுப்புவோம், தலைக்கு ஷாம்பு போட்டு குளிங்க, எண்ணெய் வெக்காதீங்கன்னு, அப்பயும் பாதி பேரு எண்ணெய் வழிய வழிய வருவாங்க. மூளையில இருந்து வர்ற சிக்னல் மைக்ரோவோல்ட் கணக்கு, அவ்ளோ சின்னது. பல்ல கடிச்சா போதும், மொத்த ஸ்கிரீனும் கருப்பா கிறுக்குன மாதிரி ஆயிடும். வேர்த்தா கோடு மேலயும் கீழயும் அலையும், நம்ம ஊரு சித்திரை வெயில்ல வர்றவங்கள ஃபேனுக்கு கீழ கொஞ்ச நேரம் உக்கார வெச்சுட்டுதான் ஆரம்பிப்போம். ரேஸ் கார்ல ஹெல்மெட்டு, அதிர்வு, சூடு, அதுக்கு மேல வளைவுல தலைய ஒரு பக்கமா இழுக்குற விசை. ஃபார்முலா ஒன்ல தலையும் ஹெல்மெட்டும் சேந்த எடைய போல நாலஞ்சு மடங்கு விசைய கழுத்து தாங்கணும். கழுத்து தசை இறுகுனா அந்த கிறுக்கல் நேரா பின்மண்டை எலெக்ட்ரோட்லதான் வந்து விழும், கண்ண மூடி ரிலாக்ஸா இருந்தா செகண்டுக்கு 8ல இருந்து 13 தடவ வர்ற ஆல்ஃபா அலை நல்லா தெரியுற இடமும் அதேதான். இதுல எது மூளை எது தசைன்னு பிரிச்சு எடுக்குறாங்களே, அந்த பொறுமைக்கே கையெடுத்து கும்பிடணும்.

இத்தாலிக்காரங்க 2013ல வேற மாதிரி பாத்தாங்க. ரேஸ் டிரைவருங்களையும் சாதாரணமா கார் ஓட்டுறவங்களையும் மூளையில எந்த பகுதி வேல செய்யுதுன்னு காட்டுற எஃப்எம்ஆர்ஐ ஸ்கேன்ல படுக்க வெச்சு ஒரே டெஸ்ட்ட குடுத்தாங்க. ரெண்டு பக்கமும் ஏறக்குறைய ஒரே மார்க்குதான், ஆனா ரேஸ் டிரைவருங்க மூளையில வேல செஞ்ச பகுதி கம்மி. அதே நாட்டுல வியாரெஜியோன்ற ஊர்ல ரிக்கார்டோ செக்காரெல்லின்னு ஒரு டாக்டர், ரேஸ் டிரைவருங்களுக்கு மூளைக்குன்னே பயிற்சி குடுக்குறாரு, அவரு சொல்றதும் இதுதான்: ஸ்கோர் கொறையாம மூளை செலவு பண்றத கொறைக்கணும். நம்ம எடையில மூளை ரெண்டு சதவீதம்தான், ஆனா உடம்பு செலவு பண்ற சக்தியில அஞ்சுல ஒரு பங்கு அதுக்கே போயிடுது.

நாம புள்ளைங்களுக்கு சொல்றது இதுக்கு நேர் எதிர். கவனமா இருன்னா நெத்திய சுருக்கி மூச்ச புடிச்சு முறைச்சுப் பாக்கணும்னு நெனைக்குறோம். நைனாகிட்ட புதுசா வந்த கிளீனருங்க ஸ்டீயரிங் பழகும்போது அப்படித்தான் இறுக்கிப் புடிப்பாங்களாம், காவேரிப்பாக்கம் வர்றதுக்குள்ள தோள்பட்ட வலி கண்டு எறங்கிடுவாங்களாம். "தூரமா பாருடா, கை தானா வரும்"னு சொல்வாராம். எலெக்ட்ரோடும் இல்ல ஸ்கேனும் இல்ல, அந்த மனுஷனுக்கு இது தெரிஞ்சிருக்கு. இந்த ஆராய்ச்சியெல்லாம் ராத்திரி ராத்திரியா கண்ணு முழிச்சு லோடு அடிக்கிற டிரைவருங்க கிட்டயும் வரணும்னு எனக்கு ரொம்ப ஆச, களைப்பு யாருக்கு எப்ப ஏறுதுன்னு முன்னாடியே தெரிஞ்சா எத்தன வீடு பொழைக்கும்.

போன மாசம் புது மிஷின் ஒண்ணு வந்துச்சு, டெஸ்ட் பண்ண ஆள் வேணும்னாங்க, நைனாவ கூட்டிக்கினு போனேன். கண்ண மூடி படுத்தாரு, ஆல்ஃபா அழகா வந்துச்சு, செகண்டுக்கு ஒம்பது தடவ போல. "நைனா, கண்ண தொறக்காம ராணிப்பேட்டைல இருந்து ஹார்பர் வரைக்கும் மனசுலயே ஓட்டு"ன்னேன். ஒண்ணும் சொல்லாம ஓட்டுனாரு. கொஞ்ச நேரத்துல அலை மெலிஞ்சுது, ஆனா முகம் அப்படியே அமைதியா இருந்துச்சு. இத வெச்சு எதையும் நிரூபிக்க முடியாது, ஆனாலும் நான் ஸ்கிரீன விட்டு கண்ண எடுக்கல. திடீர்னு ஒரு இடத்துல ஸ்கிரீன் முழுக்க கருப்பு, பல்ல கடிச்சிருக்காரு.

"இன்னா நைனா ஆச்சு?"

"சுங்குவார்சத்திரம்மா. ஒருத்தன் பைக்குல குறுக்க பூந்துட்டான்."