பாஸ்க் கற்கிறேன், ஏழாவது வாரம்: என் வீடு, தன் புத்தகம்

இந்த வாரம் முழுக்க ‘யாருடையது’ என்று சொல்லும் சொற்களோடு போனது. பாஸ்க், பிரனீஸ் மலையின் மேற்குக் கோடியில், ஸ்பெயினிலும் பிரான்சிலும் பேசப்படும் மொழி.

நி என்றால் நான், நிரே என்றால் என். நம், எங்கள் இரண்டுக்கும் சேர்த்து ஒரே சொல்தான், குரே (தங்கத்தில் வரும் ‘க’ போல ஒலிக்க வேண்டும்). வீட்டுக்கு எச்செ. அப்போது ‘என் வீடு’ நிரே எச்செதானே என்று பத்து வாக்கியம் எழுதிவிட்டேன். பத்தும் தப்பு. நிரே எச்செயா என்று வர வேண்டும். கடைசியில் ஒட்டும் அந்த ‘ஆ’வை ‘என்’ இருக்கிறதே என்று விட்டுவிட முடியாது. ‘என் பெரிய வீடு’ என்றால் நிரே எச்செ அந்தியா. பெரிய என்ற சொல் வீட்டுக்குப் பின்னால் வருகிறது, ‘ஆ’வும் வீட்டை விட்டு அதன் வாலுக்குத் தாவிவிடுகிறது. இது கைக்குப் பழக நாலு நாள் ஆனது.

சுரே என்றால் உங்கள், ஒருவரிடம் பேசும்போது. பலரிடம் என்றால் சுவென். இதற்கு அடியில் இருக்கும் சு என்ற சொல் ஒரு காலத்தில் பலரைக் குறித்ததாம். மரியாதைக்காக ஒருவருக்கும் சொல்லிச் சொல்லி ஒருமையாகிவிட, பன்மைக்குப் புதிதாக சுவெக் பிறந்திருக்கிறது. நம் ‘நீர்’ நடந்த வழியும் இதுதான். இரண்டு மொழிக்கும் உறவில்லை, ஆனாலும் படித்ததும் மனசு நிறைந்துவிட்டது.

வியாழக்கிழமை பெரே, அரென் இரண்டுக்கும் வந்தேன். பயிற்சி நூலில் இரண்டுக்கும் ‘அவனுடைய, அவளுடைய’ என்றே பொருள் போட்டிருந்ததால் வெகுநேரம் குழம்பினேன். அப்புறம் ஒரு வாக்கியம் தெளிவாக்கியது: யோனெக் பெரே லிபுருவா கல்து து. யோன் தன் புத்தகத்தைத் தொலைத்துவிட்டான். பெரேக்குப் பதில் அரென் போட்டால் தொலைந்தது வேறு யாருடையதோ. பெரே நம் ‘தன்’னேதான்! ஓரத்தில் தமிழில் எழுதிக்கொண்ட பிறகு ஒன்றுகூடத் தவறவில்லை.

பேச்சில் நாம் ‘தன்’னை விட்டுவிட்டு எல்லாவற்றுக்கும் ‘அவன்’ போடுகிறோம். பாஸ்க் நாட்டின் மேற்கே இது தலைகீழ். அங்கே பேச்சில் பெரேதான் அரெனின் இடத்தையும் எடுத்துக்கொள்கிறது. நான் இப்போதைக்கு இரண்டையும் பிரித்தே எழுதிப் பழகுகிறேன்.