கதவு எண் இல்லாமல் குரூப் 4 எழுதிய அனுபவம்

"அக்கா, கதவு எண் சொல்லுங்க" என்று கேட்டார் இன்டர்நெட் சென்டர் தம்பி. அரசு வேலைக்கான டிஎன்பிஎஸ்சி குரூப் 4 தேர்வு விண்ணப்பத்தில் நிரந்தர முகவரி கட்டத்துக்கு வந்திருந்தோம். பாரிமுனைப் பக்கம் எங்கள் ஆயா காலத்திலிருந்தே பிளாட்பாரத்தில்தான் இருக்கிறோம். கதவே கிடையாது, எண்ணுக்கு எங்கே போவது? அன்றைக்கு விண்ணப்பம் போடாமலேயே திரும்பிவிட்டேன்.

அதனால், தங்க இடமில்லாமல் டிஎன்பிஎஸ்சிக்குப் படிக்கிறவர்கள் புத்தகத்தைத் தொடும் முன் காகிதங்களைச் சரி செய்யுங்கள். நான் தலைகீழாகச் செய்து ஒரு வருடத்தை விட்டேன். ஆதாருக்கு கரண்ட் பில் இல்லையென்றால், அதற்கென்று இருக்கிற படிவத்தில் கவுன்சிலரோ எம்எல்ஏவோ கையெழுத்துப் போட்டுத் தரும் சான்று செல்லும். அங்கீகாரம் பெற்ற காப்பகத்தில் இருந்தால் அதன் பொறுப்பாளரே தரலாம்.

வாக்காளர் அட்டைக்கும் வீடு தேவையில்லை. படிவம் 6-ல் படுக்கிற இடத்தை எழுதிக் கொடுத்தால், வாக்குச்சாவடி அலுவலர் ராத்திரியில் வந்து அங்கேதான் தூங்குகிறோமா என்று பார்ப்பார். எங்களிடம் வந்தவர் டார்ச் அடித்ததும் போலீஸ் என்று பயந்து அம்மா பாயைச் சுருட்ட ஆரம்பித்துவிட்டார். "படுங்கம்மா, நீங்க படுத்திருக்கிறதைத்தான் பார்க்க வந்தேன்" என்றார் அவர்.

சரி, படிப்பு. ஆறாம் வகுப்பிலிருந்து பத்து வரையுள்ள பள்ளிப் புத்தகங்கள்தான் அடிப்படை. மூர் மார்க்கெட்டில் பழையதாக வாங்கி வைத்திருந்தேன். ஒருநாள் சாலையைச் சுத்தம் செய்ய வந்த லாரியில் அடுப்பு, பாய் எல்லாவற்றோடும் அந்தப் பையும் போய்விட்டது. இரண்டாம் முறை வாங்கியதும் முதல் வேலையாக எல்லாவற்றின் முதுகையும் பிளேடால் அறுத்து, பாடம் பாடமாகப் பிரித்து ஸ்டேப்ளர் பின் அடித்தேன். கையில் ஒரு பாடம், மிச்சமெல்லாம் டீக்கடை அண்ணனின் பழைய பிஸ்கட் டின்னில். மழையில் நனைந்தாலும் ஒரு பாடம்தானே போகும்.

பகலில் கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகம். சொந்தப் புத்தகம் கொண்டுபோய்ப் படிக்க அங்கே தனி இடம் இருக்கிறது, காசு கிடையாது. பெண்களுக்குச் சாதாரண டவுன் பஸ்ஸும் இலவசம். உண்மையைச் சொன்னால், முதலில் என்னை அங்கே இழுத்தது கழிப்பறைதான். மாதவிலக்கு நாட்களில் ஒரு தாழ்ப்பாள் எவ்வளவு பெரிய விஷயம் என்று எங்கள் பக்கத்துப் பெண்களைக் கேட்டுப் பாருங்கள்.

விடியற்காலையில் எழுந்து படி என்பார்கள். அது கதவு வைத்து வீட்டில் தூங்குகிறவர்களுக்கான யோசனை. லோடு இறக்குகிற சத்தம் அடங்கவே எங்களுக்குப் பாதி ராத்திரி ஆகிவிடும். அதற்கப்புறம் அம்மாவும் நானும் முறை வைத்துத்தான் தூங்குவோம். இரண்டிலிருந்து ஐந்து வரை என் காவல். எப்படியும் விழித்திருக்க வேண்டும் என்பதால் ஏடிஎம் வெளிச்சத்தில் செய்யுளும் இலக்கணமும் மனப்பாடம் செய்தேன். கணக்கை மட்டும் அந்த நேரத்தில் தொடமாட்டேன். அதில் மூழ்கிவிட்டால் தெருவைக் கவனிக்க முடியாது.

தமிழுக்கு முதலிடம் கொடுத்ததற்குக் காரணம் உண்டு. 200 கேள்வி, 300 மதிப்பெண், அதில் பாதி தமிழ். தமிழில் 60 மதிப்பெண் வராவிட்டால் மற்ற பகுதியைத் திருத்தவே மாட்டார்கள். கணக்கு 25 கேள்விதான். அதில் வட்டிக் கணக்கு எனக்குப் பயமே இல்லை. பத்தாயிரம் என்று சொல்லி ஒன்பதாயிரத்தைக் கையில் கொடுத்து, நூறு நாள் நூறு நூறாக வாங்கிப்போகும் தண்டல்காரர் புண்ணியம்.

முதல் தடவை கிடைக்கவில்லை, இரண்டாவதில் கிடைத்தது. ஆனால் சான்றிதழ் சரிபார்ப்பில் இன்னொரு முறை மூச்சு நின்றது. தமிழ் வழியில் படித்தவர்களுக்கு 20 சதவீத ஒதுக்கீடு உண்டு. அதற்கு ஒன்றாம் வகுப்பிலிருந்தே தமிழில்தான் படித்தோம் என்று சான்று வேண்டும். எங்களை விரட்டும் போதெல்லாம் பள்ளி மாறியதால் நான் மூன்று பள்ளிகளுக்கு அலைந்தேன். ரிசல்ட் வரட்டும் என்று காத்திருக்காதீர்கள். பரீட்சை எழுதிய அடுத்த வாரமே ஹெச்எம்மைப் போய்ப் பார்த்து வாங்கி, லேமினேட் செய்யாமல் ஒரு பிளாஸ்டிக் கவரில் போட்டு, டீக்கடை அண்ணனிடம் கொடுத்துவிடுங்கள்.