பக்கவாதத்துக்குப் பிறகு சட்டை போடக் கற்றுக்கொண்டது

பக்கவாதம் வந்து வலது கை வலுவிழந்த பிறகு என்னை நடக்க வைத்தது பிசியோதெரபி. நானாகவே குளித்து, உடுத்தி, சாப்பிட வைத்தது ஆக்குபேஷனல் தெரபி.

முதல் சந்திப்பில் கையைத் தூக்கச் சொல்லிப் பார்ப்பார் என்று போனால், தெரபிஸ்ட் கேட்டது வேறு: "காலையில் எழுந்ததும் என்னென்ன செய்வீர்கள்?" சொல்லச் சொல்ல இரண்டாகப் பிரித்து எழுதினார். பல் தேய்ப்பது, கழிவறை, குளியல், உடை, சாப்பாடு எல்லாம் ஏ.டி.எல். அதாவது அன்றாடச் செயல்கள். சமையல், பணக் கணக்கு, மாத்திரையை நேரத்துக்கு எடுப்பது போன்ற கொஞ்சம் சிக்கலானவை ஐ.ஏ.டி.எல். அப்புறம் சி.ஓ.பி.எம். என்ற கனடிய அளவீட்டின்படி, எனக்கு எது முக்கியம், இப்போது எவ்வளவு முடிகிறது, அதில் எவ்வளவு திருப்தி என்று 10-க்கு மதிப்பெண் போடச் சொன்னார். சட்டை போடுவதற்கு முக்கியத்துவம் 10, திருப்தி 1. வீட்டில் எல்லோரும் குளியலைத்தான் சொல்வேன் என்று நினைத்திருந்தார்கள். எனக்கோ பிறர் பட்டன் போட்டுவிடும்போது நின்றுகொண்டிருப்பதுதான் தாங்கவில்லை.

அடுத்தது செயல் பகுப்பாய்வு. சாயாமல் உட்கார முடிகிறதா, சட்டையின் உள்பக்கம் வெளிப்பக்கம் தெரிகிறதா, கை எங்கே சிக்குகிறது என்று ஒவ்வொரு படியாகக் கவனித்தார். முறை இதுதான்: சட்டையை மடியில் விரித்து, பலவீனமான கையை முதலில் நுழைத்து, துணியைத் தோள் வரை ஏற்றிவிட வேண்டும். பிறகு காலரைப் பிடித்து முதுகுப்பக்கமாகச் சுற்றிக் கொண்டுவந்து நல்ல கையை நுழைக்க வேண்டும். கழற்றும்போது நல்ல கை முதலில். தோள் வரை ஏற்றாமல் அவசரப்பட்டால் சட்டை முதுகில் சுருண்டு நின்றுவிடும்.

பயிற்சி தொளதொள சட்டை, பெரிய பட்டனில் தொடங்கி, அளவான சட்டைக்கு வந்தது. இப்படிக் கடினத்தைப் படிப்படியாகக் கூட்டுவதை கிரேடிங் என்கிறார்கள். பட்டனுக்கு ஒரு கொக்கி கொடுத்தார்: கைப்பிடி நுனியில் கம்பி வளையம், அதைத் துளைக்குள் விட்டு பட்டனை மாட்டி இழுத்தால் வந்துவிடும். "கருவிக்குப் பழகினால் கை சோம்பேறியாகிவிடாதா?" என்று கேட்டேன். கையை மீட்கும் பயிற்சி ஒரு பக்கம், இருப்பதை வைத்துச் சமாளிக்கும் வழி ஒரு பக்கம், இரண்டும் சேர்ந்தே நடக்கும் என்றார். அதனால் இடது கை கொக்கியை இழுக்கும்போது வலது கை சட்டை ஓரத்தை அழுத்திப் பிடிக்க வேண்டும். சும்மா பந்து பிசைவதைவிட எனக்கு இது எவ்வளவோ மேல்.

மறுமதிப்பீட்டில் 2 புள்ளி ஏறினாலே நல்ல முன்னேற்றமாம். திருப்தி 7 போட்டேன். அடுத்த இலக்காக, ஆணி பதித்த பலகையில் காயைக் குத்தி நிறுத்தி ஒரு கையால் நறுக்குவதை எழுதியிருக்கிறோம்.