செக்ஃபால்ட் அட் 20: லேப் சர்வர் டைரி

நவம்பர் 25, 2024, திங்கள்

எங்க காலேஜ் லேப் லினக்ஸ் சர்வர்ல, ராத்திரி ஒரு மணிக்கு கிரான்ல (குறிச்ச நேரத்துல வேலைய தானா ஓட்டுறது) ஓடி, யாரு ஹோம்ல (அவங்கவங்க சொந்த போல்டர்) எவ்வளவு எடம் போயிருக்குன்னு காலைல மெயில் போடுற கோட்டா (ஆளுக்கு இவ்வளவு எடம்ங்கற அளவு) ரிப்போர்ட் போன வாரத்துலருந்து வரவே இல்ல. ஆபீஸ்ல எல்லாரும் மெயில் சர்வர் மேல பழியப் போட்டுட்டு இருந்தாவ. இன்னைக்கு காலைல பைனல் இயர் பிள்ள ஒண்ணு புராஜெக்ட் சேவ் ஆகலன்னு வந்து நிக்கா, ஸ்கிரீன்ல "டிஸ்க் கோட்டா எக்ஸீடட்". எச்ஓடி சார் கேட்டது ஒரே கேள்வி, "ஏன் தம்பி, லிமிட் தாண்டுறதுக்கு முன்னாடியே மெயில் போகும்னு சொன்னியே, இவளுக்கு ஏன் போகல?" நியாயமான கேள்விதான்.

அந்தப் பிள்ளைக்கு சாஃப்ட் லிமிட் 2 ஜிபி, ஹார்ட் லிமிட் (எப்பவுமே தாண்ட முடியாதது) 2.5 ஜிபி. போன வாரத்துக்கு முந்தின வாரம் ஏதோ டேட்டாசெட்ட ஒரே நாள்ல காப்பி பண்ணி 2.3 ஜிபிக்கு போயிட்டா. சாஃப்ட் லிமிட் தாண்டினா உடனே ஒண்ணும் ஆகாது, கிரேஸ் பீரியட்னு டீஃபால்ட்டா 7 நாள் உண்டு, அது முடிஞ்சா சாஃப்ட் லிமிட்டே ஹார்ட் லிமிட் மாதிரி ஆயிரும், அப்புறம் ஒரு பைட் கூட எழுத முடியாது. இப்போதைக்கு செட்கோட்டா அடிச்சு லிமிட்ட 4 ஜிபி ஆக்கி அனுப்பி விட்டாச்சு.

அப்புறம் சர்வர் உள்ள போய் டிமெசேஜ் (லினக்ஸோட மையமான கர்னல் எழுதி வைக்கற குறிப்பு) பாத்தா ஒரே வரி, தினமும் ராத்திரி ஒரு மணிக்கு: செக்ஃபால்ட் அட் 20, எரர் 4. செக்ஃபால்ட்னா புரோகிராம் தனக்கு இல்லாத மெமரிய தொட்டு, கர்னல் அத நிறுத்திருச்சுன்னு அர்த்தம். அப்ப மெயில் சர்வர் மேல தப்பே இல்ல, மெயில் எழுதுற புரோகிராம்தான் எழுதி முடிக்கிறதுக்கு முன்னாடியே செத்துப் போகுது. லேப் அண்ணாச்சி பின்னாடி நின்னுட்டு, "மக்கா, ஒரு தடவ ரீஸ்டார்ட் பண்ணிப் பாரேன்"னாரு. அவருக்கு பேனே ஓடலன்னாலும் அதான் வைத்தியம்.

ரீஸ்டார்ட் பண்ணல. அந்த வரியிலயே பாதி விஷயம் இருக்கு. எரர் 4ன்னா சாதாரண புரோகிராம் ஒண்ணு இல்லாத அட்ரஸ்ல வாசிக்கப் போச்சுன்னு அர்த்தம். அந்த அட்ரஸ் 20, அது ஹெக்ஸ், நம்ம கணக்குல 32. இவ்வளவு சின்ன அட்ரஸ்னா பெரும்பாலும் நல் பாயிண்டர்தான் (எதையும் காட்டாத வெறும் 0 அட்ரஸ்), ஏதோ ஒரு ஸ்ட்ரக்சர் (பல ஐட்டத்த வரிசையா அடுக்கி வச்ச கட்டு) இருக்குன்னு நம்பி, அதுல 32வது பைட்ல இருக்கற ஐட்டத்த எடுக்கப் போயிருக்கு. எந்த ஸ்ட்ரக்சர்னுதான் இனி பாக்கணும்.

நவம்பர் 26, செவ்வாய்

காலைல ரெப்கோட்டா (எல்லார் கோட்டா கணக்கையும் லிஸ்ட் போடுற ரெடிமேட் கமாண்ட்) ஓட்டிப் பாத்தேன், அது பாட்டுக்கு அழகா ஓடி லிஸ்ட் தருது. கர்னல் பக்கம் கோட்டா ஒழுங்கா இருக்கு, நம்ம வீட்டு புரோகிராம்தான் சாகுது. இது பழைய ஸ்டூடண்ட் யாரோ சி மொழியில எழுதினது, கமெண்ட்ல பேரு கூட போடல, ஆனா சோர்ஸ் லோக்கல் போல்டர்லயே கெடந்துச்சு, அந்த புண்ணியவான் நல்லா இருக்கட்டும்.

பக்கத்து டிபார்ட்மெண்ட் சார் ஒருத்தர் "கோட்டாசெக் போடுங்க, எல்லாம் சரியாயிரும்"ன்னாரு. கோட்டாசெக்ங்கறது டிஸ்க் முழுக்க நடந்து ஒவ்வொரு பைலும் யாருதுன்னு எண்ணி கணக்கு புக்க புதுசா எழுதுறது. அது ஓடுற நேரம் பைல்சிஸ்டத்த ரீட் ஒன்லி ஆக்கத்தான் பாக்கும். மைனஸ் எம் போட்டு அத தடுக்கலாம், ஆனா எண்ணிட்டு இருக்கும்போதே பிள்ளைங்க எழுதிட்டு இருந்தா கணக்கு தப்பாத்தான் வரும். புராஜெக்ட் சீசன்ல பகல்ல அத ஓட்டச் சொல்றது, கல்யாண வீட்டு பந்தியில எல மேல எல விழும்போது சாமான எண்ணச் சொல்ற மாதிரி. கணக்கு சரியா இருக்கும்போது அது தேவையும் இல்ல.

கோர் பைல் (புரோகிராம் சாகும்போது அதோட மெமரிய அப்படியே எழுதி வைக்கற பைல்) தேடினேன், இல்ல. கிரான்ல ஓடுறதுக்கு கோர் சைஸ் லிமிட் பூஜ்யமா இருக்கு, அப்ப எங்க விழும். நாளைக்கு கையால ஓட்டி எடுக்கணும். இதுல ஒரு வேடிக்க, கோட்டா நெறஞ்ச யூசரா ஓட்டினா கோர் பைலே கோட்டால இடிச்சு பாதில நிக்கும், ரூட்டா (சர்வர் அட்மினா) ஓட்டினாத்தான் தப்பிக்கும்.

மதியம் மெஸ்ல மரச்சீனிக்கிழங்கும் மீன்கறியும், அதுக்கப்புறம் வேல ஒண்ணும் ஓடல.

நவம்பர் 28, வியாழன்

நேத்து கரண்டே இல்ல, யூபிஎஸ் பீப் சத்தம் கேட்டே நாள் போச்சு.

இன்னைக்கு மைனஸ் ஜி (டீபக் விவரம் சேக்குறது) போட்டு திரும்ப கம்பைல் பண்ணி ஜிடிபில (புரோகிராம நிறுத்தி உள்ள பாக்கற டீபக்கர்) ஓட்டினேன், ஓட்டின உடனே விழுந்துச்சு, பேக்ட்ரேஸ் (எந்த வரி வழியா வந்து விழுந்துச்சுங்கற பட்டியல்) போட்டா நேரா அந்த வரிக்கே கொண்டு போய் நிறுத்திருச்சு. உள்ள என்னன்னா, 1000லருந்து 1500 வர ஒரு ஃபார் லூப், ஒவ்வொரு யூஐடிக்கும் (யூசரோட நம்பர்) கோட்டாசிடிஎல் கால் போட்டு கர்னல்கிட்ட உபயோகம் கேக்குது, பூஜ்யம்னா அடுத்ததுக்கு போகுது, இல்லன்னா கெட்-பிடபிள்யூ-யூஐடி வச்சு அந்த நம்பருக்கு யாரு, ஹோம் எதுன்னு எடுக்குது. எடுத்தது நல் பாயிண்டரா இல்லையான்னு பாக்காம நேரா ஹோம் டைரக்டரிய வாசிக்குது. 64 பிட் லினக்ஸ்ல இந்த விவரம் வர்ற பாஸ்வேர்ட் ஸ்ட்ரக்சர எண்ணிப் பாருங்க: பேரு 0, பாஸ்வேர்ட் 8, யூஐடி 16, ஜிஐடி (குரூப் நம்பர்) 20, முழுப்பேரு விவரம் 24, ஹோம் 32. அந்த 32தான் ஹெக்ஸ்ல 20. திங்கக்கிழம டிமெசேஜ் சொன்னதும் ஜிடிபி சொன்னதும் ஒண்ணுதான், பாத்ததும் மனசு குளுந்துச்சு.

விழுந்தது யூஐடி 1187ல. கெட்என்ட் அடிச்சா அப்படி ஒரு ஆளே இல்ல. ஆனா ஃபைண்ட்ல மைனஸ் நோயூசர் போட்டா பொது போல்டர்ல பைல் பைலா கொட்டுது, ஓனர் எடத்துல வெறும் நம்பர். ஆறு மாச சர்டிஃபிகேட் கோர்ஸ் படிச்ச பிள்ளைங்களோட அக்கவுண்ட போன வாரம்தான் ஆபீஸ்ல சொல்லி யூசர்டெல் மைனஸ் ஆர் போட்டு எடுத்தாவ. அது அவங்க ஹோமையும் மெயில் பெட்டியையும் எடுக்கும், வேற எடத்துல அவங்க வச்சதத் தொடாது. குரூப் புராஜெக்ட்டெல்லாம் பொது போல்டர்லதான். ஆள் போயாச்சு, பைல் போகல, கர்னலுக்கு பேரு தெரியாது, நம்பர்தான் தெரியும், அது தன் பாட்டுக்கு 1187க்கு இவ்வளவுன்னு கணக்கு வச்சிட்டு இருக்கு. ரெப்கோட்டா ஏன் சாகலன்னா, பேரு கெடைக்கலன்னா நம்பருக்கு முன்னாடி ஹேஷ் (#) போட்டு அச்சடிச்சுட்டு போயிரும். செவ்வாக்கிழம லிஸ்ட்டுக்கு அடியில அந்த ஹேஷ் வரிங்க வரிசையா இருந்துச்சு.

நவம்பர் 29, வெள்ளி

நல் வந்தா ஹேஷ் நம்பர் போட்டு தாண்டுன்னு எழுதியாச்சு. கூடவே இன்னொண்ணும் சேத்தேன், கூப்பிடுறதுக்கு முன்னாடி எர்நோவ (என்ன தப்புன்னு சொல்ற நம்பர்) பூஜ்யமாக்கி வச்சிட்டு, நல் வந்தா எர்நோ என்னன்னு பாக்குறது. ஆள் இல்லன்னாலும் நல், ஆளத் தேடுற எடமே செத்துக் கெடந்தாலும் நல். இங்க லோக்கல் பாஸ்வேர்ட் பைல்தான், ஆனா நாளைக்கு எல்டேப்க்கு (யூசர் விவரத்த நெட்வொர்க்ல வேற சர்வர்கிட்ட கேக்குறது) மாறினா, ஒரு ராத்திரி எல்டேப் படுத்துச்சுன்னு காலேஜ்ல உள்ள எல்லாரையும் ஓடிப்போனவங்கன்னு ரிப்போர்ட் போட்டா அசிங்கம்.

ஓட்டினேன், முழு ரிப்போர்ட்டும் வந்துச்சு. சரி சுத்தம் பண்ணுவோம்னு போனவங்க நம்பர் ஒண்ணுக்கு செட்கோட்டால லிமிட்ட எடுத்து பூஜ்யமாக்கி மறுபடி ஓட்டினா, திரும்ப விழுது! இந்தத் தடவ வேற சாவு, "ஃப்ளோட்டிங் பாயிண்ட் எக்செப்ஷன்". புரோகிராம்ல ஒரு ஃப்ளோட் கூட கெடையாது, முழுக்க இன்டிஜர், ஆனா இன்டிஜர பூஜ்யத்தால வகுத்தாலும் லினக்ஸ் இந்தப் பேரத்தான் சொல்லும், டிமெசேஜ்ல பாத்தா டிவைட் எரர்னு ஒழுங்கா போட்டிருக்கு. கோட்டால லிமிட் 0ன்னா எடமே கெடையாதுன்னு இல்ல, லிமிட்டே கெடையாதுன்னு அர்த்தம். இங்க சார்மாருக்கும் பெரிய லிமிட்டா போட்டு வச்சிருந்ததால பூஜ்யம் இதுவர யாருக்கும் வந்ததில்ல. பூஜ்யம்னா லிமிட்டால வகுத்து சதவீதம் போடாதன்னு ஒரு இஃப், முடிஞ்சுது.

நவம்பர் 30, சனி

டிவி முழுக்க ஃபெஞ்சல் புயல்தான். இங்க லேப்ல வேற புயல்.

புதுசா சேந்த ஃபர்ஸ்ட் இயர் பையன் ஒருத்தன் வந்து, "சார், நான் ஒரு பைல் கூட போடல, 1.8 ஜிபி யூஸ் ஆயிருக்குன்னு காட்டுது"ன்னான். அவன் யூஐடி பாத்தேன், 1185. இவனோட சேந்த இன்னொருத்தன் 1186. அப்பதான் வெளங்குச்சு ஏன் 1185ல விழாம 1187ல விழுந்துச்சுன்னு. யூசர்ஆட் (புது அக்கவுண்ட் தொடங்குற கமாண்ட்) சும்மா விட்டா இப்ப இருக்கறதுலயே பெரிய நம்பருக்கு அடுத்த நம்பரத்தான் கொடுக்கும், கடைசியா இருந்தவங்கள எடுத்துட்டோம், அதனால இவனுங்க ரெண்டு பேரும் போனவங்க நம்பர்லயே குடியேறிட்டானுங்க. பழைய ஆளோட பைல், பழைய ஆளோட கணக்கு, பழைய ஆளோட லிமிட் எல்லாம் இவன் தலையில. கோட்டாவ விட எனக்கு இதுதான் பயமா இருக்கு, முன்னப் பின்னத் தெரியாத ஒருத்தியோட புராஜெக்ட்ட இவன் ஓனரா நின்னு அழிக்கலாம். புரோகிராம் சாகாம இருந்திருந்தா இத யாரும் கவனிச்சிருக்க மாட்டாவ.

ஆர்க்கைவ்னு ஒரு அக்கவுண்ட் தொடங்கி, பொது போல்டர்ல இவனுங்க சேர்றதுக்கு முன்னாடி தேதி உள்ள பைல்களையும் நோயூசர் பைல்களையும் அதுக்கு சௌன் பண்ணியாச்சு (ஓனர மாத்தியாச்சு). பையன் கணக்கு சில கேபிக்கு இறங்கிருச்சு.

டிசம்பர் 2, திங்கள்

ரிப்போர்ட் மெயில் காலைல வந்திருக்கு. ஆனா போன திங்கக்கிழம வந்த பிள்ள பேருக்கு நேரா மைனஸ் 42 சதவீதம்! எச்ஓடி சார் கேட்ட கேள்விக்கு பதில் இங்கதான் ஒளிஞ்சிருக்கு. கர்னல் லிமிட்ட 1 கேபி பிளாக்ல சொல்லும், உபயோகத்த பைட்ல சொல்லும். இந்த புரோகிராம் அந்த பைட்ட சாதாரண இன்ட்ல வாங்குது. இன்ட் தாங்குறது 2147483647 வர, அதாவது 2 ஜிபிக்கு ஒரு பைட் கம்மி. நம்ம சாஃப்ட் லிமிட்டும் சரியா 2 ஜிபி. 90 சதவீதம் தாண்டினா அந்த ஆளுக்கு மெயில் போகும், 100 சதவீதம் ஆன நிமிஷம் நம்பர் மைனஸ்ல கவுந்து, இவ ஒண்ணுமே யூஸ் பண்ணலன்னு ஆயிரும். மெதுவா ஏறுறவங்களுக்கு 90லயே மெயில் போயிருக்கு, இவ டேட்டாசெட்ட ஒரே மூச்சுல போட்டதால 90லயும் மாட்டல, 100க்கு மேலயும் மாட்டல. கிராஷ் இல்லன்னாலும் இவளுக்கு மெயில் போயிருக்காது.

அன்சைன்ட் லாங் லாங்னு (மைனஸே இல்லாத, ரொம்ப பெரிய நம்பர் தாங்குற டைப்) மாத்தினதும் 57 சதவீதம்னு ஒழுங்கா காட்டுது. சார்கிட்ட விளக்கினேன், பாதில "சரி தம்பி, இனி போகும்ல?"ன்னாரு, போகும் சார்னேன்.

நாளைக்கு கோட்டாறு சவேரியார் கோயில் திருவிழா, மாவட்டத்துக்கே லீவு.

டிசம்பர் 4, புதன்

ஃபார் லூப்ப தூக்கிட்டேன். கர்னல் 4.6லருந்து கெட்நெக்ஸ்ட்கோட்டான்னு ஒண்ணு உண்டு, கணக்கு இருக்கற அடுத்த யூஐடிய அதுவே சொல்லும், 1500 தாண்டினா என்ன பண்ணன்னு யோசிக்க வேண்டாம்.

ஆபீஸ்ல பேசி முடிச்சது: படிச்சு போறவங்க அக்கவுண்ட இனி அழிக்கறதில்ல, லாக் பண்ணி எக்ஸ்பயரி போட்டு வைக்கணும், அப்பதான் நம்பர் வேற ஆளுக்குப் போகாது. கிளார்க் அக்காக்கு இதுல திருப்தி இல்ல, "லிஸ்ட் நீண்டுட்டே போகுமே"ன்னாவ. போகட்டும். குரூப் கோட்டா பக்கமும் இதே மாதிரி நல் பாக்காத வரி ஒண்ணு கெட்-ஜிஆர்-ஜிஐடில (குரூப் நம்பருக்கு விவரம் எடுக்கற கால்) இருந்துச்சு, நம்ம சர்வர்ல குரூப் கோட்டா ஆன் கூட பண்ணல, இருந்தாலும் அதையும் சேத்து மாத்தி கம்பைல் பண்ணிப் போட்டாச்சு.